தூண்டில் முள்ளும் மீனின் நாசியும்

மருதத்திணைப் பாடல்களைப் பயிலும்போது தலைவன், பரத்தை, ஊடல் என்ற எல்லைக்குள்ளேயே நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். அப்பாடல்களின் ஓரத்தில் நீந்தும் மீன்களை உரையாசிரியர்கள் உள்ளுறை என விளக்கிவிட்டு நகர, நாமும் அவர்களைப் பின்தொடர்ந்து நகர்ந்துவிடுகிறோம். அம்மீன்கள் எதைத் தின்றன, எதற்கு ஏமாந்தன, தூண்டிலில் எதைக் கோத்தார்கள் என்ற வினாக்களோடு அதே பாடல்களை அணுகினால், நீர்நிலத்தை நன்கறிந்த மக்களின் தொழிலறிவு ஒன்று அவற்றுள் தென்படுகிறது.

இவ்வரலாற்றை மயிலாடுதுறையிலிருந்து தொடங்குவது பொருந்தும். உ.வே. சாமிநாதையர் 1871ஆம் ஆண்டு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்க வந்து சேர்ந்த ஊர், அன்று மாயூரம் எனப்பட்ட இவ்வூரே. அவர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தார். அத்தொகையில் இரு பாட்டுகள் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றியவை. ஒன்று, இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்துக் கடற்கரையில் இருந்த காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை. மற்றொன்று, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை. தூண்டிற்காட்சி இரண்டாவதில் வருகிறது.

பாணர்குலத்து இளைஞன் ஒருவன் நீண்ட மூங்கிற்கோலில் கயிறு கட்டி, வளைந்த இரும்பு முள் வெளியே தெரியாதபடி இரையை வைத்து நீரில் விடுகிறான். வாளைமீன் ஒன்று இரையைக் கவ்விக்கொண்டு முள்ளை வெறுமையாக்கிவிட்டுத் தப்புகிறது. பின்னர், கரையோரப் பிரம்பின் நிழல் நீரில் அசைவதைக் கண்டாலும் அது அஞ்சுகிறது. ஒருமுறை தப்பிய மீன் எளிதில் திரும்பவும் சிக்காது என்பது தூண்டில் போடுவோர் அறிந்த செய்தி. புலவர் அதை வெறும் கற்பனையால் எழுதியிருக்க முடியாது என்றே நாம் கருதுகிறோம்.

அகநானூறு 36ஆம் பாடலில் மதுரை நக்கீரர் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறார். இரையை விழுங்கி முள்ளில் மாட்டிய ஆண் வரால், கயிற்றில் கட்டுண்ட சினங்கொண்ட காளையைப் போலக் குளத்தைக் கலக்குகிறது. அதே பாடலில், இன்றைய திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தலையாலங்கானத்துப் போரும் பேசப்படுகிறது. ஐயூர் முடவனாரின் அகநானூறு 216இலோ தூண்டில் ஒரு பாண்மகளின் கையில் இருக்கிறது. ஆக, இக்கலை ஆடவர்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

குறுந்தொகை 8இல் ஆலங்குடி வங்கனார் காட்டுவது முள்ளே இல்லாத இரை. வயலோர மாமரத்திலிருந்து கனிந்து விழும் பழத்தை வாளை கவ்வுகிறது. திருவள்ளுவரோ 931ஆம் குறளில், சூதில் கிடைக்கும் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டில் முள்ளோடு ஒப்பிடுகிறார். இரை கிடைத்ததை மீன் வெற்றி என்றே எண்ணும். முள் பின்னரே தெரியும்.

அந்த இரைகளின் அறிவு டெல்டாவில் அழிந்துவிடவில்லை. வராலுக்குத் தவளைக்குஞ்சோ சிறு மீனோ வேண்டும். அது பார்வையாலும் அசைவாலும் இரையறியும் மீன். கெளுத்திக்கும் விலாங்குக்கும் மண்புழு போதும். மீசையெங்கும் சுவையறியும் மொட்டுகள் கொண்ட கெளுத்தி, இருளிலும் சேற்றிலும் இரையைத் தேடிக்கொள்ளும். கெண்டைக்கு மாவுருண்டை, அதில் பிண்ணாக்கைப் பிசைந்தால் மணம் நீரில் பரவும். மேட்டூர் அணை 1934இல் பயன்பாட்டுக்கு வந்தபின் புதுப்புனலின் வருகை மதகுகளின் திறப்பைப் பொறுத்ததாயிற்று. ஆயினும் கலங்கல் நீரின் இயல்பு மாறவில்லை. கண்ணுக்கு வேலையில்லாத அந்நீரில் மணமே மீனை அழைக்கிறது.

இவ்வறிவை நூலாக்கியோரும் உண்டு. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் வடமொழியில் தொகுத்த மானசோல்லாசத்தில் மீன்பிடி விளையாட்டுக்கென ஒரு பகுதி உள்ளது. மீன்களை வகைப்படுத்தி, அவற்றுக்குரிய தீனியையும் அது கூறுகிறது. விலங்கியலாளர் சுந்தர்லால் ஹோரா 1951இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873இல் இந்தியத் தூண்டிற்கலை பற்றியும் 1887இல் குளங்களில் தூண்டிலிடுவது பற்றியும் ஆங்கிலத்தில் நூல்கள் எழுதினார். தஞ்சை மாவட்டத்து நிலவரித் தள்ளுபடி குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தவரும் இவரே.

மீனின் நாசி மூச்சுக்கானது அன்று. மணத்துக்கு மட்டுமே உரியது. புழுவிலிருந்தும் சதையிலிருந்தும் நீரில் கரையும் அமினோ அமிலங்களை அது மிக நுண்ணிய அளவிலும் உணரும். வட அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் சால்மன் பிடிப்போர், ஓடும் படகின் பின்னே நெத்திலி, ஹெர்ரிங் போன்ற மீன்களை முள்ளில் கோத்து இழுத்துச் செல்வதும், அவற்றில் மணநெய் தடவுவதும் இதனாலேயே. கடலுக்குச் சென்ற சால்மன் தான் பிறந்த ஓடையை மணத்தால் அடையாளம் காண்கிறது என்ற கருத்துக்கு ஆர்தர் ஹாஸ்லரும் வாரன் விஸ்பியும் 1951இல் ஆய்வு அடிப்படை அமைத்தனர்.

நம் டெல்டா கவனிக்கவேண்டிய செய்தி இதன் தொடர்ச்சியில் உள்ளது. டயசினான் என்னும் பூச்சிக்கொல்லி லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் அளவில் நீரில் கலந்திருந்தாலே, ஆபத்தை உணர்த்தும் மணத்துக்குச் சால்மன் காட்டும் எதிர்வினை மழுங்குகிறது என 2000ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. மீன் சாகவில்லை, மணமறியும் திறனே குன்றியது. 1960இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. புதிய விதை, உரம் ஆகியவற்றோடு பூச்சிமருந்தும் அவ்வழியே வயலுக்கு வந்தது. விளைச்சல் பெருகியது உண்மை; பசியும் தணிந்தது. ஆனால் வயலில் தெளித்தது வாய்க்காலுக்கும் குளத்துக்கும் வடிகிறது. அங்கேதான் வராலும் கெளுத்தியும் வாழ்கின்றன.

வாளை இரையைக் கவ்வித் தப்பியதைப் புலவர் பாடியபோது, மீனுக்கும் மனிதனுக்கும் இடையே அறிவுப் போட்டி ஒன்று நடந்தது. மீனுக்கு நாசியும் அச்சமும் துணை. மனிதனுக்கு இரையும் பொறுமையும் துணை. அந்த நாசியை நஞ்சால் மழுக்கிவிட்டால் போட்டி முடிந்துவிடும். இரண்டாயிரம் ஆண்டு இரையறிவுக்கும் பொருளிராது. சங்கப் பாடல்களைக் காப்பது ஏட்டைக் காப்பதோடு முடிவதில்லை. அப்பாடல்களின் வாளை நீந்தத் தகுந்த நீரையும் காக்கவேண்டும் என்பதே நம் விண்ணப்பம்.