தீர்ப்பும் மீட்பும்: இரு சொற்களின் வரலாறு



தொடக்கநிலை நான்கில் பயிலும் மாணவி ஒருத்தி, "ஆசிரியை, தீர்ப்பு என்றால் தண்டனைதானே?" என்று வினவினாள். 'நியாயத்தீர்ப்பு நாள்' என்று எங்கோ கேட்டு அஞ்சியிருந்தாள். வகுப்பறையில் சமயம் போதிப்பது என் பணியன்று. ஆனால் சொல்லின் பொருளை விளக்குவது என் பணியே.

சீகன்பால்கு 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்றார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715ஆம் ஆண்டில் முழுமையாக அச்சேறியது. அதன்பின் பலர் திருத்தியும் புதிதாக மொழிபெயர்த்தும் வந்தனர். 1871ஆம் ஆண்டில் வெளிவந்த மொழிபெயர்ப்பு 'நியாயத்தீர்ப்பு', 'இரட்சிப்பு' என்னும் சொற்களை ஆண்டது. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த பொது மொழிபெயர்ப்போ 'தீர்ப்பு', 'மீட்பு' என்றது.

இவ்விரு வழக்குகளும் நம் சிங்கப்பூரில் அருகருகே வாழ்கின்றன. லிட்டில் இந்தியாவை அடுத்த ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை உள்ளது. இத்தகைய தமிழ்ச் சபைகளில் பெரும்பாலும் பழைய சொற்களே ஒலிக்கும். அங்கிருந்து நடக்கும் தொலைவில், ஓஃபிர் சாலையில், தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888ஆம் ஆண்டில் எழுந்த லூர்து அன்னை ஆலயம் உள்ளது. கத்தோலிக்கத் தமிழர் 'மீட்பு' என்பர்.

இரட்சிப்பு என்பதற்குக் காத்தல் என்று பொருள். மீட்பு என்பதோ இழந்ததைத் திரும்பப் பெறுதல். பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்பதைப் புறப்பொருள் வெண்பாமாலை கரந்தைத் திணை என்று வகுக்கும். சிராங்கூன் சாலைப் பக்கத்து அடகுக்கடையில் வைத்த நகையையும் நாம் மீட்கிறோம். விவிலியத்தின் லேவியர் நூல், 25ஆம் அதிகாரத்தில், வறுமையால் அடிமையாக விலைப்பட்டவனை அவன் உறவினன் பணம் கொடுத்து மீட்கலாம் என்கிறது. விவிலியம் கூறும் மீட்பின் வேர்களுள் இதுவும் ஒன்று.

தீர்ப்பும் அவ்வாறே. கணக்கைத் தீர்க்கிறோம், கடனைத் தீர்க்கிறோம், நோயைத் தீர்க்கிறோம். பழைய ஏற்பாட்டில் 'நியாயாதிபதிகள்' என்றொரு நூல் உண்டு. அதில் வரும் தெபொராள் பேரீச்சமரத்தடியில் அமர்ந்து மக்களின் வழக்குகளைத் தீர்த்தவர். ஒடுக்கப்பட்ட அம்மக்கள் விடுதலை பெற வழிநடத்தியவரும் அவரே. தீர்ப்பளிப்பவரே காப்பவராகவும் நிற்பதை அங்கே காண்கிறோம்.

தண்டனை இல்லை என்பதன்று. மத்தேயு நூலின் 25ஆம் அதிகாரத்தில் இறுதித் தீர்ப்பின் காட்சி வருகிறது. பசித்தவருக்கு உணவளித்தாயா, சிறையிலிருப்பவரைச் சென்று கண்டாயா என்பனவே அங்கே அளவுகோல். மறுத்தவர்க்குக் கடுமையான முடிவும் உண்டு. ஆயினும் அத்தீர்ப்பு எளியோரின் பக்கம் நின்று பேசுகிறது. கைவிடப்பட்டவனுக்குத் தீர்ப்பு நாள் அச்சமன்று. அது அவன் வழக்குக் கேட்கப்படும் நாள்.

அம்மாணவியிடம் இவ்வளவும் கூறவில்லை. "உன் பென்சிலை ஒருவன் பறித்துக்கொண்டால் என்னிடம் ஏன் வருகிறாய்?" என்று மட்டும் கேட்டேன். "வாங்கித் தருவீர்கள் என்றுதான்" என்றாள். அவனை அடிப்பதற்காக என்று அவள் கூறவில்லை.

நாமும் நாள்தோறும் பிள்ளைகளுக்குத் தீர்ப்பு வழங்குகிறோம். தவறு செய்தவனைத் தேடும் விரைவில், இழந்தவனுக்கு இழந்ததை மீட்டுத் தருகிறோமா? சிந்திப்போம்.