தைமஸ் மீது விழுந்த பழி

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் ஓரிரு நாளில் தொடை இடுக்கில் நெறி கட்டும். புண் ஓரிடத்தில், வீக்கம் இன்னோரிடத்தில். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். ஆனால் நடுவே ஓடுவது என்ன என்று கேட்டால் பதில் இருக்காது. ஐரோப்பாவின் உடற்கூறியல் அறிஞர்களிடமும் 17ஆம் நூற்றாண்டு வரை இதற்குத் தெளிவான பதில் இல்லை.

பதிலின் முதல் துணுக்கு தற்செயலாகக் கிடைத்தது. 1622 ஜூலை 23 அன்று இத்தாலியின் காஸ்பரே அசெல்லி, உயிருள்ள நாய் ஒன்றை அறுத்து, குரல்வளைக்குச் செல்லும் நரம்புகளை நண்பர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். இன்று படிக்கவே மனம் கூசும் சோதனைதான். உதரவிதானத்தின் அசைவைக் காட்டக் குடலை ஒதுக்கியபோது, குடலைத் தாங்கும் சவ்வெங்கும் மெல்லிய வெண்ணிழைகள் ஓடுவதைக் கண்டார். நரம்பு என்றே முதலில் நினைத்தார். ஒன்றைக் கத்தியால் கீறியதும் பால் போன்ற திரவம் கசிந்தது. பிறகு வேறொரு நாயை அறுத்துத் தேடினால் ஒன்றையும் காணோம். முதல் நாய் வயிறாரத் தின்றிருந்தது, அடுத்தது பட்டினி கிடந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. குடல் உறிஞ்சிய கொழுப்பு அந்தக் குழாய்களில் ஏறினால்தான் அவை வெண்மையாகத் தெரியும்.

1625இல் அசெல்லி இறந்தார்; அவருடைய நூல் வண்ணப் படங்களோடு 1627இல் வெளிவந்தது. ஆனால் அந்தக் குழாய்கள் கல்லீரலுக்குச் செல்வதாகவே அவர் எழுதியிருந்தார். உணவின் சாரம் முழுவதும் கல்லீரலுக்கே போகிறது என்ற பண்டைய கிரேக்க மருத்துவர் காலனின் போதனை அவ்வளவு வலுவாக இருந்தது. 1651இல் பிரான்சின் ழான் பெக்கே, அவை மார்புக்குள் ஏறும் ஒரு பெருங்குழாய் வழியாகக் கழுத்தடியில் சிரைக்குள் கலப்பதைக் காட்டினார். அடுத்த இரண்டே ஆண்டுகளில் சுவீடனின் ஓலோஃப் ருட்பெக்கும் டென்மார்க்கின் தாமஸ் பார்த்தோலினும், குடலில் மட்டுமல்லாமல் உடலின் பிற பகுதிகளிலும் இத்தகைய குழாய்கள் இருப்பதைக் கண்டறிந்தார்கள். முதலில் கண்டது யார் என்று இருவரும் சண்டையும் போட்டார்கள். அக்குழாய்களுக்கு இன்றுள்ள லத்தீன் பெயர் பார்த்தோலின் வைத்தது.

இன்றைய புரிதல் இது. ரத்தத் தந்துகிகளிலிருந்து திசுக்களுக்குள் கசிந்து, திரும்ப ரத்தத்துக்குள் போகாமல் மிஞ்சும் நீர் நாளொன்றுக்குச் சுமார் 3 லிட்டர். அதுதான் நிணநீர். அந்தக் குழாய்களில் ஓடிச் சிரைக்குத் திரும்பும் வழியில் அவரை விதை வடிவ முடிச்சுகளுக்குள் அது புகுந்து வெளியேறுகிறது. அக்குள், கழுத்து, தொடை இடுக்கு, குடல் சவ்வு என உடலில் இப்படி நூற்றுக்கணக்கான முடிச்சுகள் உண்டு. புண்ணிலிருந்து கிருமித் துணுக்கு வந்து சேர்ந்தால், அதை இனங்காணும் செல்கள் முடிச்சுக்குள் மளமளவென்று பெருகும். நெறி கட்டுவது இதனால்தான். மண்ணீரல் நிணநீருக்குப் பதிலாக ரத்தத்தை வடிகட்டுகிறது. டான்சில்கள் தொண்டை வாசலில் நிற்கின்றன. இந்த உறுப்புகளிலெல்லாம் நிறைந்திருக்கும் லிம்போசைட் என்ற வெள்ளணுக்கள் எங்கே பக்குவப்படுகின்றன என்ற கேள்விக்கு விடை தேடத்தான் நீண்ட காலம் ஆனது. விடையில் பாதி மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்தின் மேல் இரண்டு மடலாகப் படிந்திருக்கும் தைமஸில் இருந்தது.

1770களில் லண்டனின் வில்லியம் ஹ்யூசன், தைமஸ் குழந்தைகளிடம் பெரிதாகவும் வளர்ந்தவர்களிடம் சுருங்கியும் இருப்பதைக் குறித்ததோடு, அதிலுள்ள துகள்கள் நிணநீரில் உள்ளவற்றை ஒத்திருப்பதையும் கண்டார். சரியான திசைதான். ஆனால் பிணத்தை அறுக்கும்போது கையில் பட்ட காயம் சீழ்பிடித்து 1774இல் தமது 34ஆம் வயதில் இறந்துபோனார். அவருடைய கருத்தைத் தொடர்ந்து எடுத்துச் செல்ல ஆளில்லை.

அடுத்த நூற்றாண்டு தைமஸைக் குற்றவாளியாக்கியது. நன்றாக இருந்த குழந்தை திடீரென்று இறந்தால், அறுத்துப் பார்ப்பவர் கண்ணில் பெரிய தைமஸ் பட்டது. மூச்சுக்குழலை நெரித்தது அதுவே என்று முடிவுகட்டினார்கள். குளோரோபார்ம் மயக்கத்தில் நேர்ந்த சாவுகளும் இதே கணக்கில் சேர்ந்தன. 1889இல் வியன்னாவின் பால்டாஃப் இதைத் தனி உடல்வாகாகவே வகுத்து ஒரு நீண்ட லத்தீன் பெயர் சூட்டினார்.

பிழை அளவுகோலில் இருந்தது. உடற்கூறியல் மேசைக்கு வந்த உடல்களில் பெரும்பாலானவை ஏழைகளுடையவை. பிரிட்டனின் 1832ஆம் ஆண்டுச் சட்டம், ஏழைகள் விடுதியில் இறந்து யாரும் உரிமை கோராத உடல்களை அறுப்பதற்கே வழிவகுத்தது. பசியும் நாட்பட்ட நோயும் மன உளைச்சலும் தைமஸைச் சில நாட்களிலேயே சுருக்கிவிடும். அப்படிச் சுருங்கியதை இயல்பென்று பாடப்புத்தகத்தில் எழுதிவிட்டு, திடீரென்று இறந்த கொழுகொழு குழந்தையின் இயல்பான தைமஸை வீக்கம் என்று படித்தார்கள். அசெல்லியின் பட்டினி நாயை வைத்து இலக்கணம் எழுதியது போலத்தான்.

இந்தத் தவறு ஏட்டோடு நிற்கவில்லை. 1907இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஒரு குழந்தையின் தைமஸைச் சுருக்க எக்ஸ்-ரே கதிர் பாய்ச்சப்பட்டது. அது வழக்கமாகி, நோயே இல்லாத குழந்தைகளுக்கும் முன்னெச்சரிக்கை என்ற பெயரில் செய்யப்பட்டது. 1931இல் பிரிட்டிஷ் ஆய்வுக்குழு ஒன்று, அப்படியொரு நோய் இருப்பதற்கே ஆதாரமில்லை என்று அறிவித்த பிறகும் பல இடங்களில் நிற்கவில்லை. 1950இல் தைராய்டு புற்றுநோய் வந்த சிறார்களின் பழைய குறிப்புகளைப் புரட்டியபோது, அவர்களில் பலர் கைக்குழந்தைப் பருவத்தில் தைமஸுக்குக் கதிர் வாங்கியவர்கள் என்று தெரிந்தது. கதிர் பட்ட கழுத்தடியில்தான் தைராய்டும் இருக்கிறது.

தைமஸின் உண்மையான வேலை 1961இல்தான் வெளிப்பட்டது. லண்டனில் இளம் ஆராய்ச்சியாளராக இருந்த ஜாக் மில்லர், எலிகளுக்கு ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் வைரஸ் ஒன்றை ஆராய்ந்துவந்தார். தைமஸைப் பற்றி அறிவது அவர் நோக்கமே அல்ல. வைரஸ் தைமஸுக்கு வெளியிலும் பெருகுமா என்று பார்க்க, பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சுகளிலிருந்து அந்த உறுப்பை எடுத்தார். வைரஸ் கொடுக்காத குஞ்சுகளும் சில வாரங்களில் மெலிந்து, தொற்று கண்டு செத்தன. அவற்றின் ரத்தத்திலும் நிணநீர் முடிச்சுகளிலும் லிம்போசைட்டுகள் மிகக் குறைவு. வேறு இன எலியின் தோலை ஒட்டினால் உடல் உதறித் தள்ளவில்லை. ஒட்டிய தோலில் முடி செழித்து வளர்ந்தது. வளர்ந்த எலிகளில் தைமஸை எடுத்த முந்தைய ஆய்வாளர்கள் எதையும் காணாததற்குக் காரணம் எளிது: அந்த வயதுக்குள் தைமஸ் தேவையான செல்களை உடலெங்கும் அனுப்பிவிட்டிருக்கும்.

உடனே எல்லோரும் நம்பிவிடவில்லை. தைமஸிலுள்ள லிம்போசைட்டுகள் பரிணாமத்தின் தற்செயல் விளைவு, அவற்றுக்குப் பெரிய முக்கியத்துவம் இல்லை என்ற கருத்தை நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடாவரே 1963இல் வெளியிட்டிருக்கிறார்.

பாதி விடை இது என்றால், மீதிப் பாதி கோழிக்குள் இருந்தது. பறவையின் பின்புறக் குடலோரத்தில் உள்ள ஒரு சிறு பையை ஒஹையோவில் புரூஸ் கிளிக் என்ற மாணவர் இளங்கோழிகளிலிருந்து எடுத்திருந்தார். வகுப்பில் எதிர்ப்பொருள் உற்பத்தியைச் செய்துகாட்ட அவருடைய சக மாணவர் அந்தக் கோழிகளை வாங்கிக்கொண்டுபோய் ஊசி போட்டார். எதிர்ப்பொருள் உண்டாகவில்லை. புகழ்பெற்ற ‘சயின்ஸ்’ இதழ் இதைப் பற்றிய கட்டுரையைத் திருப்பி அனுப்பியது; 1956இல் கோழி வளர்ப்பு ஆய்விதழ் ஒன்றுதான் வெளியிட்டது. 1965இல் மாக்ஸ் கூப்பரும் ராபர்ட் குட்டும் இரு கிளைகளையும் பிரித்துக் காட்டினார்கள்: எதிர்ப்பொருள் சுரக்கும் பி செல்கள் அந்தப் பையில், தைமஸ் தரும் டி செல்கள் வேறு. பாலூட்டிகளுக்கு அந்தப் பை இல்லை. அதன் வேலையை எலும்பு மஜ்ஜை செய்கிறது.

தைமஸ் நடத்தும் தேர்வு கொடூரமானது. மஜ்ஜையிலிருந்து வரும் இளம் செல்களில் மிகப் பெரும்பாலானவை அங்கேயே அழிகின்றன. அடையாளம் காண லாயக்கில்லாதவை ஒருபுறம், சொந்த உடலையே தாக்கக்கூடியவை மறுபுறம் என்று கழித்துக்கட்டிய பின் மிஞ்சுவது ஒரு சிறு பங்கே.

பருவமடைந்த பிறகு கொழுப்பாக மாறிவரும் அந்த உறுப்பு பெரியவர்களுக்குத் தேவையில்லை என்ற எண்ணம் மட்டும் நீடித்தது. 2023இல் பாஸ்டன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு அதையும் அசைத்தது: தைமஸ் எடுக்கப்பட்ட பெரியவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்தவர்கள் 8.1 சதவீதம், தைமஸ் எடுக்காமல் மார்பு அறுவை செய்துகொண்டவர்களில் 2.8 சதவீதம். ஆயினும் கைக்குழந்தைகளின் இதய அறுவையில் தைமஸின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ எடுக்காமல் இதயத்தை நெருங்குவது கடினம். அப்படி வெட்டியெடுத்த திசு இப்போது குப்பைக்குப் போக வேண்டியதில்லை. அதை ஆய்வகத்தில் இரண்டு மூன்று வாரம் வளர்த்து, தைமஸே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பதியும் சிகிச்சைக்கு 2021 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பதிவது மார்பில் அல்ல, தொடைத் தசையில்.