மொன்டிசோரி முதல் குடைத் திருடன் வரை

நம் ஊர்களில் எந்தப் பாலர் பாடசாலையையும் ‘மொன்டிசோரி’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அப்பெயருக்குரிய மரியா மொன்டிசோரி ஓர் இத்தாலிய வைத்தியர். 1907இல் உரோம் நகரில் முதல் சிறுவர் இல்லத்தைத் தொடங்கினார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவர், 1944இல் இலங்கையிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். பிள்ளை கையால் தொட்டுக் கற்பதே அவர் காட்டிய வழி.

கதையோ உம்மம்மாவின் மடியில் இருந்தது. அதை வகுப்பறைக்குக் கொண்டுவந்தவை படக்கதை நூல்கள். சிபில் வெத்தசிங்க சிங்களத்தில் எழுதி 1956இல் வெளிவந்த ‘குட ஹொரா’, அதாவது குடைத் திருடன், அவற்றுள் ஒன்று. கிராமத்து மாமா வாங்கிவரும் குடைகள் ஒவ்வொன்றாகக் காணாமற் போகின்றன. கடைசியில் குடைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டுவைத்து, அவை சிந்திய வழியே போகிறார். திருடன் ஒரு குரங்கு!

இக்கதையைத் தமிழில் சொன்ன பின் பிள்ளைகள் குடைகளை எண்ணலாம், நிறம் பிரிக்கலாம், முற்றத்தில் கடதாசி வழியே தேடிப் போகலாம்.

இன்று மூன்று வயதாகியும் பேசாத பிள்ளைகளை வைத்தியர்களிடம் கூட்டி வருகிறார்கள். காரணம் எல்லோருக்கும் ஒன்றல்ல. செவிப்புலனையும் பரிசோதிக்க வேண்டும். ஆயினும் கைத்தொலைபேசி பிள்ளையின் மறுமொழிக்காகக் காத்திருப்பதில்லை. கதை சொல்பவர் காத்திருப்பார்.

சகோதரிகளே, எந்த நாட்டில் இருந்தாலும் இந்த நூற்றாண்டில் நம் ஊர்ப் பாலர் பாடசாலை ஒன்றுக்கு ஆளுக்கொரு தமிழ்ப் படக்கதை நூல் கொடுப்போம்.