யானைமலைக்கு யார் பெயர் வைத்தது?

மேலூர் சாலையில் பஸ்ஸில் போய் வந்தவர்களுக்கு யானைமலையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஒத்தக்கடை நெருங்கும்போது, தும்பிக்கையை நீட்டிப் படுத்திருக்கும் யானையேதான். சுமார் 3 கிலோமீட்டர் நீளம்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். லுவார் நதியின் நீளம் மனப்பாடமாகத் தெரியும். வேலை நிமித்தம் மதுரைக்கு வந்த பிறகும், இந்த மலையைப் பல வருடம் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

போன தை மாதம் மகன், மருமகள், பேத்தியோடு நரசிங்கம் பக்கமாக ஏறினோம். பாதி வழியில் என் முழங்கால் விருப்ப ஓய்வு கேட்டது. உட்கார்ந்த இடத்தில் பேத்தி கேட்டாள்: "தாத்தா, யானை எப்படி மலையாச்சு?"

திருவிளையாடல் கதையைச் சொன்னேன். மதுரையை அழிக்கச் சமணர்கள் வேள்வியில் யானையை உண்டாக்கி அனுப்ப, சொக்கநாதர் நரசிங்கக் கணையால் அதை வீழ்த்தினார். அது மலையாகச் சமைந்தது. "யானை எய்த படலம்" என்றே ஒரு படலம் இருக்கிறது.

ஆனால் மேலே சமணர் படுக்கை உள்ள குகையில் தமிழ் பிராமிக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஏறக்குறைய 2,000 ஆண்டுப் பழமை. அதில் இந்த இடத்தின் பெயர் இவகுன்றம். இவம் என்றால் யானை. சம்பந்தர் காலத்துச் சமய வாதங்களுக்குப் பல நூற்றாண்டு முன்பே, இங்கே தங்கிய துறவிகளின் காலத்திலேயே, இது யானைக் குன்றுதான். கதையிலிருந்து பெயர் வரவில்லை. பெயரிலிருந்துதான் கதை வந்திருக்க வேண்டும். இது என் கணிப்பு.

அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரை கி.பி. 770-ஐச் சேர்ந்தது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் மந்திரி மாறன் காரி குடைவித்தார். குடமுழுக்குக்கு முன்பே அவர் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி முடித்தார். பாறையின் இன்னொரு இடத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்கள். அச்சணந்தியின் பெயர் வட்டெழுத்தில் இருக்கிறது. திட்டியவர்களும் திட்டு வாங்கியவர்களும் ஒரே கல்லில்தான் குடியிருந்திருக்கிறார்கள்.

2010 வாக்கில் இந்த மலையைச் செதுக்கிச் "சிற்ப நகரம்" ஆக்கும் யோசனை வந்தது. இருக்கிற சிற்பங்கள் போதாதா? தும்பிக்கையில் உளி பட்டுவிட்டால் இவகுன்றம் என்ற எழுத்துக்கு அர்த்தமே இல்லாமல் போகும். சுற்றுப்பட்டு கிராமத்து மக்கள் எதிர்த்தார்கள்; திட்டம் கைவிடப்பட்டது. எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணனின் பசுமை நடை அந்தச் சமயத்தில் தொடங்கியதுதான்.

மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் என்றபோதும் ஊரே திரண்டது. 2025 ஜனவரியில் அந்த ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது.