அடுத்த மாடலும் அரசிதழும்

ஹைப்ரிட் குடும்பக் கார் ஒன்று உருமாறி வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பிவிட்டால் அது ஒரே தடத்தில்தான் ஓடும். கறுப்பு வெள்ளைச் சுழல்கோடுகள் அச்சிட்ட ஸ்டிக்கரைத் தலை முதல் கால் வரை போர்த்திக்கொண்டு சோதனைக் கார் ஒன்று நெடுஞ்சாலையில் யார் கண்ணிலாவது படும். ஹெட்லைட் மெலிந்திருக்கிறதா, கிரில் அகன்றிருக்கிறதா, பின்விளக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே பட்டையாக ஓடுகிறதா என்று ஆளுக்கொரு ஊகம் வரும். சேலத்தில் அட்வான்ஸ் கட்டப் போனவர், ‘புது மாடல் வரட்டுமே’ என்று கையை இழுத்துக்கொள்வார். ஹோண்டா சிட்டி ஹைப்ரிட்டின் அடுத்த உருவத்தைப் பற்றிய பேச்சும் இந்த ரகம்தான். ஊகிப்பவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் பார்க்கும் இடம்தான் தப்பு. நம் நாட்டுக் குடும்பக் காரின் உடம்பை அறுபது எழுபது ஆண்டுகளாக மாற்றியதும் மாறவிடாமல் வைத்ததும், பெரும்பாலும் வடிவமைப்பாளரின் பென்சில் அல்ல, டெல்லியின் உரிமமும் வரிப் பட்டியலும்தான். ஹைப்ரிட் செடானின் கதை இந்தப் பழைய கதையின் கடைசி அத்தியாயம், அவ்வளவே.

தமிழ்நாட்டிலிருந்தே தொடங்கலாம். சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டைக் கட்டியது. இங்கிலாந்தில் அந்தக் காருக்கு இரண்டே கதவு. பாட்டியும் பேரன்களும் முன் சீட்டை மடக்கிப் பின்னால் நுழைவது நம் குடும்பத்துக்குச் சரிப்பட்டு வரவில்லை. 1960களின் பிற்பாதியில் வந்த மார்க் 3 ஹெரால்டுக்கு நான்கு கதவு வைத்தார்கள். இப்படியொரு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் உண்டு. ஹெரால்டின் உடல் தனிச் சட்டகத்தின் மேல் உட்கார்ந்திருந்ததால் இந்த அறுவைச் சிகிச்சை முடிந்தது. 1972இல் வந்த கேசல் இன்னொரு படி போனது. ஹெரால்டில் பின்சக்கரங்கள் தனித்தனியே ஆடும், பாரம் ஏறினால் அகன்று சாயும். கேசலில் அதை எடுத்துவிட்டு ஒரே உறுதியான அச்சைப் போட்டார்கள். இவை இரண்டும் உண்மையான மறுவடிவமைப்பு: ஓட்டுபவரின் தேவை தெரிந்து, காருக்கு அடியில் கைவைத்துச் செய்தவை. இந்த வழியிலேயே போயிருந்தால் கதை வேறாகியிருக்கும். அதே கம்பெனி 1985இல் ஸ்டாண்டர்டு 2000ஐக் கொண்டுவந்தபோது ஆசை முழுவதும் தோற்றத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1 என்ற பெரிய காரின் கண்ணைப் பறிக்கும் உடல். அதற்குள்ளே பழைய ஸ்டாண்டர்டு வான்கார்டு வழிவந்த 1,991 சிசி இன்ஜின். பார்த்தவர்கள் வியந்தார்கள், வாங்கியவர்கள் நொந்தார்கள். 1988க்குள் உற்பத்தி நின்றுபோனது. அதே பணத்துக்கு நவீன இன்ஜின் ஒன்றைக் கொண்டுவந்திருக்கலாமே என்று இன்று கேட்பது எளிது. இறக்குமதிக்கும் அந்நியச் செலாவணிக்கும் அனுமதி வாங்கவேண்டிய காலத்தில், கையில் இருக்கும் இன்ஜினுக்குச் சட்டை மாற்றுவதுதான் கம்பெனிக்குத் திறந்திருந்த வழி.

அம்பாசடர் இதற்கு நேர் எதிர்க் கோடியில் நின்று இதையே சொல்கிறது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் அச்சில் 1950களின் இறுதியில் வந்த அந்த உடல், உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும்வரை ஏறக்குறைய அதே உடலாகவே இருந்தது. மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று பெயர் மாறியதெல்லாம் கிரில்லும் விளக்கும் மாறிய கணக்கு. வாங்குபவர் வருடக்கணக்கில் காத்திருப்புப் பட்டியலில் நிற்கும்போது, காரை அழகாக்க உற்பத்தியாளருக்கு என்ன அவசரம்? 1992இல் இசுசு இன்ஜின் ஏறியபோதுதான் அது உள்ளபடியே வேறு வண்டியாயிற்று. தொழில்துறைக் கொள்கை தளர்ந்து, போட்டி வாசலில் வந்து நின்ற காலம் அது என்பதைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். அந்தப் பெயர் 2017இல் 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சின் பியூஜோ குழுமத்துக்குக் கைமாறியது. 2022இல் புதிய அம்பாசடர் வரப்போகிறது, சென்னைத் தொழிற்சாலையில் தயாராகும் என்றுகூடச் செய்தி வந்தது. வரைந்த படங்கள் கைக்குக் கை பறந்தன. படம்தான் வந்தது, கார் கடைக்கு வரவில்லை.

உரிமம் போன இடத்தில் வரி வந்து உட்கார்ந்தது. 2006ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தது. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள், டீசல் 1,500 சிசிக்குள் என்பது நிபந்தனை. இந்த ஒரு வரி எழுதப்பட்ட பிறகு செடானின் டிக்கிக்கு வந்த கதியைப் பாருங்கள். 2008 ஜனவரியில் டாடா இண்டிகோ சி.எஸ். 3,988 மில்லிமீட்டரில் வந்தது. மாருதி ஸ்விஃப்ட் டிசையர் முதலில் 4,160 மில்லிமீட்டர் நீளத்தோடு பிறந்து, 2012இல் வாலை வெட்டிக்கொண்டு 3,995க்குள் அடங்கியது. உலகத்தில் வேறு எந்த வடிவமைப்பாளரும் காரின் அழகுக்காக 3,995 என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கமாட்டார். பின் கண்ணாடி முடிந்த கையோடு செங்குத்தாக இறங்கும் அந்தக் குட்டை டிக்கி நம் தெருக்களில் இன்று சகஜமான உருவம். அதன் மூல வரைபடம் நிதியமைச்சகத்தில் இருக்கிறது.

இப்போது ஹைப்ரிட்டுக்கு வருவோம். ஹோண்டா 2008 நடுவில் சிவிக் ஹைப்ரிட்டை முழு வண்டியாக இறக்குமதி செய்து விற்கத் தொடங்கியது. விலை 21.5 லட்சம். சுங்க வரியே காரின் அடக்க விலைக்கு இணையாக நின்றது. சாதாரண சிவிக்கைப்போல் அச்சாக இருக்கும் காருக்கு இவ்வளவு தர ஆளில்லை. ஆண்டு இறுதியில் ஏறக்குறைய 8 லட்சம் குறைத்ததும் இருந்த வண்டிகள் பறந்துபோயின. இடையில் பம்பர்கூட மாறவில்லை. டொயோட்டா 2010இல் பிரியஸைக் கொண்டுவந்தது. அதுவும் இறக்குமதிதான், அதற்கும் இதே கதி. 2013இல் பெங்களூருக்கு அருகே பிடதியில் கேம்ரி ஹைப்ரிட்டை இங்கேயே பூட்டத் தொடங்கியபோதுதான் கணக்கு மாறியது. ஹைப்ரிட்டுக்கு அன்று இருந்த வரிச் சலுகையும் சேர, கேம்ரி வாங்குபவர் சாதாரண பெட்ரோல் மாடலைத் தள்ளிவிட்டு ஹைப்ரிட்டைக் கேட்கும் நிலை வந்தது. 2015 ஏப்ரலில், மின்சார, ஹைப்ரிட் வண்டிகளுக்கு மானியம் தரும் ஃபேம் திட்டம் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மாருதி சியாஸ் டீசல், எஸ்.எச்.வி.எஸ். என்ற நான்கு எழுத்தைப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஹைப்ரிட் ஆயிற்று. அதன் மோட்டாரால் தனியே காரை ஓர் அடிகூட நகர்த்த முடியாது. இன்ஜினுக்குக் கொஞ்சம் தோள் கொடுக்கும், சிக்னலில் அணைத்து மறுபடி கிளப்பும். அரசின் வரையறைக்கு அது போதும், மானியமும் கிடைத்தது. 2017 ஏப்ரல் முதல் இத்தகைய டீசல் வண்டிகளுக்கு மானியம் நின்றது. ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, அதுவரை ஏறக்குறைய 30 சதவீதமாக இருந்த ஹைப்ரிட்டின் மொத்த வரி 28ம் 15ம் சேர்ந்து 43 ஆனது. சில வாரத்தில் நடுத்தரப் பெட்ரோல் செடானுக்கு 45 என்று ஆனது. ஆக ஹைப்ரிட்டுக்குக் கிடைத்த சலுகை இரண்டே சதவீதம். மின்சாரக் காருக்கு 2019 முதல் வெறும் 5. ஹோண்டா அக்கார்டு ஹைப்ரிட் 2016இல் வந்து 2020இல் போனதையும், சியாஸ் 2025இல் விடைபெற்றதையும் இந்தக் கணக்கோடு வைத்துத்தான் படிக்கவேண்டும்.

ஊகங்களில் ஒருபோதும் இடம்பெறாத இன்னொரு விஷயத்தைச் சேர்வராயன் மலைப்பாதை அழகாகக் காட்டிக்கொடுக்கிறது. சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள்; ஏறும் உயரம் ஆயிரம் மீட்டருக்கு மேல். மஞ்சக்குட்டையிலோ அதைச் சுற்றிய காபித் தோட்டங்களிலோ இருப்பவருக்குச் சேலம் போய்வருவது என்றால் இந்த உயரத்தை இறங்கி ஏறுவதுதான். ஹைப்ரிட் விளம்பரம் சொல்லும் பெரிய லாபம், இறக்கத்தில் பிரேக்கில் வீணாகும் சக்தியை மின்சாரமாக்கிச் சேமிப்பது. ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள கார் ஆயிரம் மீட்டர் இறங்கினால் விடுபடும் சக்தி நான்கு யூனிட் மின்சாரத்துக்கு மேல் வரும். டயர் உராய்விலும் மாற்றத்திலும் பாதி போனாலும் இரண்டு யூனிட் மிச்சம். சிட்டி ஹைப்ரிட்டின் பேட்டரியில் ஒரு யூனிட்கூடப் பிடிக்காது. பாதி மலை இறங்குமுன்னே பேட்டரி நிரம்பிவிடும். அதற்குப் பிறகு இறக்கத்தின் சக்தியைச் செலவழிக்க, எரிபொருள் இல்லாமலே இன்ஜினைச் சுழற்றி உறுமவிடுகிறது கார். ‘இறக்கத்தில் ஏன் இன்ஜின் கத்துகிறது’ என்று புதிதாக ஓட்டுபவர் திகைக்கும் சங்கதி இதுதான். மலைக்காரருக்குப் பயன்படும் மறுவடிவமைப்பு என்றால் அது பெரிய பேட்டரி. அதைப் போட்டால் எடை ஏறும், விலை ஏறும், விலையோடு வரியும் ஏறும். எனவே யாரும் போடுவதில்லை.

இதற்கு மறுப்பு உண்டு. தோற்றம் விற்கும் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் வெர்னா ஒவ்வொரு முறையும் புது முகத்தோடு வந்து ஆள் பிடித்திருக்கிறது. ஆனால் அது ஒரே வரிக்குள் நிற்கும் கார்களில் எதைத் தேர்வது என்ற போட்டி. அந்தப் போட்டிக்கு எத்தனை கார் வரும், என்ன நீளத்தில், என்ன இன்ஜினோடு வரும் என்பது முன்னாலேயே முடிவாகிவிடுகிறது. இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. 43 சதவீத வரியைக் கட்டிக்கொண்டேதான் 2022இல் வந்த இன்னோவா ஹைகிராஸும், கிராண்ட் விடாராவின் ஹைப்ரிட் வகையும் நன்றாக விற்றன. அப்படியானால் செடானை வீழ்த்தியது வரியா, உயரமான வண்டிமேல் நமக்கு வந்த மோகமா? மோகம் உண்மைதான். வரி ஒன்றே எல்லாம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஹைப்ரிட் அமைப்புக்கு ஆகும் கூடுதல் செலவை எந்த வண்டியில் மறைக்க முடியும் என்று உற்பத்தியாளர் பார்க்கிறார். ஏழெட்டுப் பேர் ஏறும் 25, 30 லட்ச ரூபாய் வண்டியில் அது மறைந்துவிடும், நால்வர் ஏறும் செடானில் துருத்திக்கொண்டு நிற்கும். வரி ஹைப்ரிட்டைக் கொல்லவில்லை. அது எந்த உடம்பில் குடியேறவேண்டும் என்று தீர்மானித்தது. என் வாதத்துக்கு அதுவே போதும்.

பழைய கதை இது, நிலைமை மாறிவிட்டதே என்பாரும் உண்டு. மாறியதென்னவோ நிஜம். 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்கு மேற்பட்ட பெட்ரோல் காருக்கும் ஹைப்ரிட்டுக்கும் ஒன்றுபோல 40 சதவீதம். விலை இறங்கியது நல்லதுதான். கூடவே ஹைப்ரிட்டுக்கு இருந்த அந்த இரண்டு சதவீத முன்னுரிமையும் காணாமல் போயிற்று. 4 மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் அடங்கும் பெட்ரோல் ஹைப்ரிட்டுக்கு 18 சதவீதம். அடுத்து எங்கே புதுமை வரும் என்று ஊகிக்க விரும்புபவருக்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டியதில்லை: சின்ன உடம்பில் ஹைப்ரிட்டைத் திணிக்கத்தான் இனிப் போட்டி நடக்கும், நீளமான செடானில் அல்ல. மாநிலக் கணக்கு தனி. உத்தரப்பிரதேசம் 2024 ஜூலையில் வலுவான ஹைப்ரிட் கார்களின் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தது. தமிழ்நாடு மின்சாரக் காருக்கு வாழ்நாள் வரி விலக்கு கொடுத்தது. ஹைப்ரிட்டைப் பெட்ரோல் காரோடு ஒரே வரிசையில் நிறுத்தியது. 2023 நவம்பரில் உயர்ந்த விகிதப்படி இங்கே 10 முதல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு வாழ்நாள் வரி 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20.

ஆகவே புது மாடலுக்காகக் காத்திருப்பவர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுக் காத்திருக்கட்டும். சிட்டி ஹைப்ரிட் 2022இல் வந்த விலை 19.49 லட்சம். அந்த விலைக்குச் சேலத்தில் வாழ்நாள் வரி சுமார் 3.5 லட்சம். புது விளக்கும் புதுத் திரையும் சேர்ந்து விலை 20.5 லட்சமானால் வரி 4.1 லட்சம். காரின் விலை ஒரு லட்சம் ஏறும்போது கையை விட்டுப் போவது 1.6 லட்சம்.