மின்னஞ்சல் வழங்கி: இயக்கத்தை அறியும் முறையின் வரலாறு

மின்னஞ்சல் வழங்கி (சர்வர்) உண்மையில் இயங்குகிறதா என்பதை அறியும் முறை, அஞ்சல் செல்லும் வழியைப் பொறுத்து மாறி வந்துள்ளது. இந்தியாவில் 1986இல் தொடங்கப்பட்ட எர்நெட் திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி. உட்பட எட்டு நிறுவனங்கள் பங்கேற்றன. தொடக்கத்தில் தொலைபேசி இணைப்பின் மூலம் யு.யு.சி.பி. முறையில் மடல்கள் பரிமாறப்பட்டன. அழைப்பு இணையும்வரை மடல்கள் வரிசையில் காத்திருந்தன. மறுமுனைக் கணினி இயங்குவது அப்போதுதான் தெரிந்தது.

ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் வெளியிட்ட எஸ்.எம்.டி.பி. நெறிமுறையில் இதற்கு எண் குறிகள் உள்ளன. இணைப்பு கிடைத்ததும் வழங்கி '220' என்று தொடங்கும் வரவேற்பை அனுப்பும். சேவை தர இயலாதபோது '421' என்று கூறும்.

இணைப்பு கிடைப்பது மட்டும் சான்றாகாது. அஞ்சல் மென்பொருள் உறைந்திருந்தாலும், இயக்குதளம் 25ஆம் போர்ட்டில் இணைப்பை ஏற்கக்கூடும். ஆனால் '220' வராது. அது வந்தாலும், இடம் நிரம்பிய வழங்கி '452' என மடலை மறுக்கலாம். அனுப்பும் வழங்கி பொதுவாகச் சில நாட்கள் முயன்ற பிறகே மடலைத் திருப்பும். அதுவரை அனுப்பியவர் மடல் சேர்ந்ததாகவே எண்ணக்கூடும். எனவே சோதனை மடல் ஒன்று பெட்டியில் சேர்வதைப் பார்ப்பதே உறுதியான வழி.

பழைய மாமல்லபுரம் சாலையில், செங்கல்பட்டு மாவட்டச் சிறுசேரியின் மென்பொருள் நிறுவனங்களுக்கு இன்று வெளியிலிருந்து வரும் மடல்களும் இதே எண்களைக் கடந்தே வருகின்றன.