வாசிப்பைக் கேட்கும் காது

தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையில் உள்ள சிற்றூர் புலிமான்கோம்பை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் தலைமையிலான குழுவினர் 2006 ஆம் ஆண்டு இவ்வூரில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் மூன்றைக் கண்டெடுத்தனர். அவற்றுள் ஒன்று ‘ஆகோள்’ ஒன்றில் இறந்துபட்டவனின் நினைவாக நட்டது. ஆநிரை கவர்தலைக் குறிக்கும் அந்தச் சொல்லைத் தொல்காப்பியத்தில் படித்திருந்த நமக்கு அதைக் கல்லில் கண்டது பெருவியப்பு. எனக்குள் எழுந்த கேள்வி வேறு. அந்தக் கல்லை யார் படித்தார்கள்? எழுத்தறிந்த ஒருவன் உரக்கப் படித்திருப்பான், அறியாதவர்கள் சூழ நின்று கேட்டிருப்பார்கள் என்றே எண்ணத் தோன்றுகிறது. வாசிப்பு நெடுங்காலம் வாயும் காதும் சேர்ந்து செய்த காரியமாகவே இருந்தது.

நம் திண்ணைப் பள்ளிகளும் அப்படித்தான். மணலில் எழுதிய எழுத்தைப் பிள்ளை உரக்கச் சொல்வான். மூத்த மாணாக்கனான சட்டாம்பிள்ளை கேட்டுத் திருத்துவான். சென்னை எழும்பூரில் ஆண் அனாதைகள் இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுபோனார். மாணவனைக் கொண்டே மாணவனுக்குக் கற்பித்தார். 1797 இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் பள்ளிகளில் பரவியது.

அடுத்து வந்தது இயந்திரம். அமெரிக்காவில் 1920களில் சிட்னி பிரெஸ்ஸியும் 1950களில் பி.எஃப். ஸ்கின்னரும் கற்பிக்கும் கருவிகளைச் செய்தார்கள். விடை சரியா தவறா என்று அவை உடனுக்குடன் காட்டின. ஆனால் அவை செவிடு. 1990களில்தான் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜாக் மோஸ்டோவ் குழுவினர் கணினிக்குக் காது கொடுத்தார்கள். குழந்தை உரக்கப் படிக்க, கணினி கேட்டு, தடுமாறிய இடத்தில் உதவியது. கூகுள் நிறுவனம் 2019 இல் இந்தியாவில் ‘போலோ’ என்ற செயலியை வெளியிட்டது. அதில் தியா என்னும் அசைபடச் சிறுமி, பிள்ளைகள் படிப்பதைக் கேட்டுச் சொல்லிக்கொடுத்தாள். பின்னர் அதில் தமிழும் சேர்ந்தது. 2020 இல் ‘ரீட் அலாங்’ என்ற பெயரில் அது உலகெங்கும் சென்றது. சட்டாம்பிள்ளை திரைக்குள் வந்துவிட்டான் என்றே சொல்லலாம்.

கம்பம் பள்ளத்தாக்கில் இதற்குத் தேவை உண்டா? விடியும் முன்பே குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகள் ஏறுகின்றன. பெற்றோர் திரும்பும்போது அந்தி சாய்ந்துவிடும். அவர்களின் பிள்ளை படிப்பதை உட்கார்ந்து கேட்க வீட்டில் யாரும் இல்லை. அடிப்படை வாசிப்பில் பின்தங்கிய 6 முதல் 9 ஆம் வகுப்பு மாணவர்களுக்கென்று தமிழ்நாடு அரசு 2025 இல் ‘திறன்’ திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. பதினான்கு வயதில் எழுத்துக் கூட்டிப் படிப்பவனைத் தின்பது வெட்கம். இயந்திரம் அவனைப் பார்த்துச் சிரிக்காது. நூறாவது முறையும் சலிக்காது. இதைச் சிறிய உதவி என்று நான் தள்ளமாட்டேன்.

ஆனால் அவன் வயதுக்கு உச்சரிப்பு மட்டும் போதாது. டேனியல் மெக்னமாரா என்னும் உளவியலாளர் 2004 வாக்கில் அமெரிக்காவில் உருவாக்கிய ‘ஐஸ்டார்ட்’ இதை உணர்ந்திருந்தது. அதன் அசைபட ஆசிரியர்கள், படித்த வாக்கியத்தை உன் சொற்களில் விளக்கு என்று பதின்வயதினரைக் கேட்டார்கள்.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. புத்தகத்தில் ‘மழை வந்தது’ என்று இருக்கிறது. பையன் ‘மழை வந்துச்சு’ என்று படிக்கிறான். ஒலியை மட்டும் ஒப்பிடும் கருவிக்கு இது பிழை. உண்மையில் அவன் எழுத்தைக் கடந்து பொருளைத் தொட்டு, அதைத் தன் வீட்டு மொழியில் சொல்லிவிட்டான். இன்னொருத்தி பாடம் முழுவதையும் பிசகின்றி ஒப்பிக்கிறாள். ஒரு வரியும் அவளுக்கு விளங்கவில்லை. கருவி அவளுக்கே நட்சத்திரம் தரும். கென்னத் குட்மன் என்னும் அமெரிக்க அறிஞர் 1960களிலேயே, வாசிப்பவரின் பிறழ்ச்சிகளைப் பிழை என்று ஒதுக்காமல் மனம் வேலை செய்வதைக் காட்டும் சாளரமாகப் பார்க்கச் சொன்னார். நல்ல சட்டாம்பிள்ளைக்கு அந்த வேறுபாடு தெரிந்திருக்கும். அவனும் அதே ஊர்ப் பேச்சைப் பேசியவன்.

தமிழுக்கு இத்தகைய ஆசிரியர்களை உருவாக்குவோர் எழுத்துத் தமிழோடு பள்ளத்தாக்கின் பேச்சையும் அவற்றுக்குக் கற்றுத்தர வேண்டும். பிழை எது, புரிதல் எது என்று பிரித்தறியச் செய்ய வேண்டும். அது வரும்வரை நம்மிடம் காதுகள் இருக்கின்றன. அடுத்த வீட்டுப் பிள்ளையை ஒரு பக்கம் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ‘வந்துச்சு’ என்று அவன் படித்தால் உடனே திருத்திவிடாதீர்கள். பிறகு என்ன ஆச்சு என்று கேளுங்கள்.